ஹார்ன் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும்: ஒரு திறந்த மடல்

மாணவர் காற்று வாத்தியக் குழுக்களை நடத்துகிற ஆசிரியர்களுக்கும், அவற்றுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், தேர்வு வைப்பவர்களுக்கும்:

வணக்கம்.

நான் பிரெஞ்சு ஹார்ன் என்ற, சுருளாக வளைந்த பித்தளை ஊதுவாத்தியத்தை வாசிப்பவன், கற்றும் கொடுக்கிறேன். உங்கள் குழுக்களில் ஓரிரு ஆண்டுகள் இருந்துவிட்டு, "இவனுக்கு ஏனோ சுரம் நிற்கவில்லை" என்ற முறையீட்டோடு என்னிடம் வந்து சேரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு விரல் நன்றாக ஓடுகிறது. தாளம் தப்புவதில்லை. எந்தச் சுரத்துக்கு எந்த வால்வு (விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் விசை) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் வாத்தியத்தை உதட்டில் வைப்பதற்கு முன், "இப்போது ஊதப்போகும் சுரத்தைப் பாடிக் காட்டு" என்றால் விழிக்கிறார்கள். என்ன சுரம் வரும் என்பது ஊதிய பிறகுதான் அவர்களுக்கே தெரிகிறது.

இதில் பிள்ளைகள்மேல் எனக்குக் குறையில்லை. கோளாறு தொடக்க வகுப்பை அமைக்கும் முறையில் இருக்கிறது. டிரம்பெட், டிராம்போன், டியூபா, ஹார்ன் எல்லாவற்றையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே பாடநூலை விரித்து, ஒரே சுரத்தை எல்லாரும் சேர்ந்து ஊதும்படி தொடங்குகிறீர்கள். மற்ற மூன்றுக்கும் இது ஓரளவு ஒத்துவருகிறது. ஹார்னுக்கு ஒத்துவருவதில்லை. முதல் சில மாதங்களாவது ஹார்ன் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பியுங்கள். அந்த மாதங்களில் வால்வை மறந்துவிட்டுக் காதைப் பழக்குங்கள். நான் கேட்க வந்தது இதுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை வாத்தியம் எதுவானாலும் ஒலி பிறக்கும் விதம் ஒன்றுதான். உதடுகள் அதிர்கின்றன, குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தம்பம் அந்த அதிர்வில் தனக்கு ஏற்றதைப் பிடித்துக்கொண்டு ஒலிக்கிறது. குழாயின் நீளத்தை மாற்றாமல் உதட்டையும் மூச்சையும் மட்டும் மாற்றினால் எல்லாச் சுரங்களும் கிடைத்துவிடாது. சீரிசைத் தொடரில் உள்ளவை மட்டுமே கிடைக்கும். அடிச்சுரத்தை ச என்று வைத்துக்கொண்டால், அடுத்தது மேல் ஸ்தாயி ச. அதற்கு மேல் ப. பிறகு ச, க, ப, சற்றே இறங்கி ஒலிக்கும் நி, மறுபடி ச, ரி, க என்று ஏறும். கீழ்ப்படிகள் அகலமாகவும், மேலே போகப்போக நெருக்கமாகவும் அடித்த ஏணி என்று நினைத்துக்கொள்ளலாம். முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே ஒரு முழு ஸ்தாயி. எட்டாம் படிக்கும் ஒன்பதாம் படிக்கும் இடையே ச, ரி தொலைவு மட்டும்.

இனி நீளங்களைப் பாருங்கள். பி பிளாட் டிரம்பெட்டின் குழாய் ஏறக்குறைய 4.5 அடி. டிராம்போன் 9 அடி. எஃப் ஹார்னின் சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 அடி வரும். அது எஃப் டியூபாவின் நீளம். அவ்வளவு நீளக் குழாயைக் கையில் கொடுத்துவிட்டு ஹார்னை டியூபாவின் ஸ்தாயியில் வாசிக்கச் சொல்வதில்லை. டிரம்பெட்டுக்குக் கொஞ்சம் கீழே, மனிதக் குரல் புழங்குகிற எல்லையில் பாடச் சொல்கிறோம். விளைவு என்ன? டிரம்பெட் பெரும்பாலும் இரண்டிலிருந்து எட்டாம் படிக்குள் புழங்குகிறது. ஹார்னின் அன்றாட வேலையோ நான்கிலிருந்து பன்னிரண்டு வரை. தேர்ந்தவர்களுக்குப் பதினாறு வரை. ஒரு வால்வையும் தொடாமல், ஒரே விரல் நிலையில், அந்த எல்லைக்குள் ஒன்பது சுரங்கள் நிற்கின்றன. அவற்றில் எது ஒலிக்க வேண்டும் என்பதில் விரலுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. உதடு முடிவு செய்கிறது. உதட்டுக்கு ஆணையிடுவது காது.

இந்த அறிவோடு உங்கள் முதல் பாடத்தைத் திறந்து பாருங்கள். குழுப் பாடநூல்களில் வழக்கமாக எல்லாரும் சேர்ந்து ஊதும் முதல் ஐந்து சுரங்கள் பி பிளாட்டிலிருந்து எஃப் வரை போகும். டிரம்பெட்டுக்கும் ஹார்னுக்கும் இசைக் குறிப்பில் எழுதும் பெயர் வேறு, உண்மையில் ஒலிக்கும் சுரம் வேறு; 'எழுத்தில்' என்று நான் சொல்வது அந்தக் குறிப்புப் பெயரை. டிரம்பெட் பிள்ளைக்கு அந்த முதல் சுரம் எழுத்தில் நடு சி. வால்வு வேண்டாம், இரண்டாம் படி. மேலே உள்ள படி ஒரு பஞ்சமம் தள்ளி இருக்கிறது. கீழே உள்ளது ஒரு ஸ்தாயி தள்ளி, அதுவும் எளிதில் பேசாதது. குறி தப்புவதே கடினம். அதே சுரம் ஹார்ன் பிள்ளைக்கு எழுத்தில் எஃப். எஃப் குழாயில் முதல் வால்வை அழுத்தினால் அது ஆறாம் படி. ஒரு காந்தாரத் தொலைவுகூட முழுதாக இல்லாத இடத்தில், மேலும் கீழும் வேறு படிகள். ஐந்தாவது சுரத்துக்கு வரும்போது டிரம்பெட் மூன்றாம் படியில் சுகமாக நிற்கிறது. ஹார்ன் எழுத்தில் மேல் சிக்கு, அதாவது எட்டாம் படிக்கு, ஏறியிருக்க வேண்டும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு முழுச்சுரத் தொலைவில் தப்பான படிகள். வாத்தியத்தைத் தொட்டு ஒரு மாதம் ஆகாத உதட்டிடம் இதைக் கேட்கிறோம்.

சில நூல்கள் இரக்கப்பட்டு ஹார்னுக்கு மட்டும் ஒரு ஸ்தாயி இறக்கி எழுதுகின்றன. அது வேறு சிக்கல்: அவ்வளவு கீழே தொடக்கக்காரரின் உதடு தளர்ந்து, ஒலி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஹார்ன் இயல்பாகத் தொடங்க வேண்டிய இடம் இந்த இரண்டுக்கும் நடுவே, எழுத்தில் நடு சியிலிருந்து அதற்கு மேலுள்ள ஜி வரை. பொதுப்பாடம் அந்த இடத்தை ஓரமாகத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது.

முதல் சுரத்தை பி பிளாட்டுக்குப் பதிலாக எஃப் என்று வைத்துப் பாருங்கள் என்று ஒரு சமரசம் சொல்லலாம். முதல் நாளுக்கு அது நல்லதுதான். ஹார்னுக்கு நடு சி, டிரம்பெட்டுக்கு ஜி, டிராம்போனுக்கு ஸ்லைடின் (முன்னும் பின்னும் இழுக்கும் குழாயின்) முதல் நிலை. எல்லாருக்கும் வாய்க்கு வந்த சுரம். ஆனால் அடுத்த வாரமே வழி பிரிந்துவிடும். அங்கிருந்து மேலே போனால் டிரம்பெட்டுக்கு மூச்சு முட்டும், கீழே போனால் ஹார்னுக்கு உதடு தளரும். இரட்டை ஹார்ன் இருந்தால் பி பிளாட் பக்கத்தைக் கொண்டு சமாளிக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் ஃப்ரிட்ஸ் க்ருஸ்பே 1897-ல் இரண்டு குழாய்களை ஒரே வாத்தியத்தில் இணைத்ததற்கு இந்த நெருக்கடிதான் காரணம்; 9 அடிக் குழாயில் படிகள் கொஞ்சம் அகலும். உண்மை. சின்னக் கைகளுக்கு எடை குறைந்த பி பிளாட் ஒற்றை ஹார்னைக் கொடுப்பதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அகலுவது கொஞ்சம்தான். காது இல்லாமல் அதையும் வாசிக்க முடியாது.

பிரிக்காவிட்டால் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஹார்ன் பிள்ளை ஊதுகிறது. வேறு சுரம் வருகிறது. பக்கத்து டிரம்பெட் பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. நீங்கள் முப்பது பேரை மேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நின்று கேட்க நேரமில்லை; போகிற போக்கில் "உதட்டை இறுக்கு" என்கிறீர்கள். பித்தளை வாத்திய வகுப்புகளில் சொல்லப்படும் சொற்களில் இதைப்போல் கேடு செய்தது வேறில்லை என்பது என் எண்ணம். பிள்ளை உதட்டை இறுக்கும், அதோடு மவுத்பீஸையும் (உதட்டில் வைக்கும் ஊதுமுனையையும்) முகத்தோடு சேர்த்து அமுக்கும். மேல் சுரம் உடனே வந்துவிடும். அதுதான் இதிலுள்ள விஷம். அமுக்கினால் உதட்டில் இரத்த ஓட்டம் தடைபடுகிறது, தசை மரத்துப்போகிறது, மரத்த தசை அதிராது. அதிராத உதட்டிலிருந்து ஒலியை வரவழைக்க இன்னும் அமுக்க வேண்டும். வகுப்பு முடியும்போது உதட்டில் வட்டமாகச் சிவந்த தடம் பதிந்திருக்கும். அந்தத் தடத்தை உழைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். வாயைச் சுற்றியுள்ள தசை கிழிந்துபோய் அவதிப்பட்ட டிரம்பெட் கலைஞர்கள் உண்டு; அந்தக் கோளாறுக்கு மருத்துவர்கள் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரான 'சாட்ச்மோ' என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போகாது. ஆனால் அந்தப் பழக்கத்தைக் கழற்ற எனக்குப் பிடிக்கும் காலம், புதிதாகக் கற்பிப்பதைவிட அதிகம்.

சரி, பிரித்துவிட்டு என்ன செய்வது? பாட வையுங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நான் மிகைப்படுத்தவில்லை. சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸ், இருபதாம் நூற்றாண்டின் பித்தளை வாத்திய ஆசிரியர்களில் தலையாயவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய நுரையீரலின் கொள்ளளவு சராசரிக்கும் கீழே. டியூபா வாசிப்பவருக்கு அதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. அவர் கற்பித்ததன் சாரம் பாட்டும் காற்றும் என்ற இரண்டே சொற்கள். தலைக்குள் பாட்டு தெளிவாக ஒலித்துக்கொண்டிருந்தால், காற்றைத் தடையின்றி விட்டால், உதடு என்ன செய்ய வேண்டும் என்பதை உடம்பு கண்டுபிடித்துக்கொள்ளும் என்பார். தசைகளுக்குத் தனித்தனியே கட்டளை போட்டு யாரும் பேசக் கற்றுக்கொள்வதில்லை அல்லவா?

நான் நடத்தும் முதல் வகுப்புகள் இப்படிப் போகும். ஒரு சுரத்தை நான் ஊதுவேன், பிள்ளை பாடும். பாட்டு சரியாக நிற்கும்வரை வாத்தியம் மடியில் இருக்கும். பிறகு மவுத்பீஸை மட்டும் வைத்து அதே சுரத்தை உதட்டு அதிர்வில் பிடிக்கச் சொல்வேன். அதுவும் கொஞ்ச நேரம்தான். மவுத்பீஸை மட்டும் ஊதுவதையே ஒரு தவமாக்கிவிடுகிற ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதன் பிறகு ஹார்ன். வால்வு இல்லை. ச, ப, ப, ச, அடுத்து ச, க, ப. சுரத்தைத் தாண்டி வேறு படியில் விழுந்துவிட்டால் திட்டமாட்டேன், "எந்தப் படியில் விழுந்தாய்?" என்று கேட்பேன். அது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிடும். சில வாரங்களில் விழுந்த படியின் எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள். விழுந்த இடத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளை அதிகம் விழுவதில்லை.

ஏழாம் படியையும் பதினோராம் படியையும் மறைக்காதீர்கள். ஏழாம் படியின் நிஷாதம் பியானோவின் நிஷாதத்தைவிடத் தெளிவாக இறங்கியது. பதினோராம் படி சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பாடநூல்கள் இவற்றைக் குற்றவாளிகளைப்போல ஒதுக்கிவைக்கின்றன. பிள்ளைகளுக்கோ இவைதான் மிகவும் பிடிக்கும். பெஞ்சமின் பிரிட்டன் 1943-ல் டெனர் குரலுக்கும் ஹார்னுக்கும் கம்பி வாத்தியங்களுக்குமாக எழுதிய 'செரினேட்' என்ற தொகுப்பின் முகப்பிலும் முடிவிலும், டெனிஸ் பிரெய்ன் என்ற இளைஞர் வால்வைத் தொடாமல் இந்த இயற்கைப் படிகளிலேயே வாசிக்கும்படி அமைத்தார். அந்தச் சுரங்கள் பிசகியவை போல ஒலிப்பதுதான் அங்கே அழகு. இதை ஒருமுறை கேட்கவைத்தால் போதும். சுருதி என்பது பொத்தானை அழுத்திப் பெறுவது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்திலிருந்து உதிர்ந்துவிடும்.

வால்வில்லாமல் தொடங்குவது என் கண்டுபிடிப்பு அல்ல. வாத்தியத்தின் வரலாறே அப்படித்தான். ஷ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இருவர் வால்வுக்குப் பிரஷ்யாவில் காப்புரிமை வாங்கியது 1818-ல். அதற்கு முன் டிரெஸ்டனில் ஹாம்பெல் என்ற ஹார்ன் கலைஞர், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், அகன்ற வாய்க்குள் வலக்கையை நுழைத்து மூடியும் திறந்தும் இடைச்சுரங்களைப் பிடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மொசார்ட் தன் நண்பர் லாய்ட்கெப்புக்கு எழுதிக்கொடுத்த கான்செர்ட்டோக்களும், பீத்தோவன் 1800-ல் ஜொவான்னி புன்டோவுக்காக எழுதிய சொனாட்டாவும் உதட்டையும் கையையும் காதையும் நம்பி எழுதப்பட்டவை. வால்வு வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆன பிறகு, 1865-ல், பிராம்ஸ் தன் ஹார்ன் டிரியோவை வால்வில்லாத ஹார்னுக்கென்றே குறிப்பிட்டு எழுதினார். சிறுவயதில் அந்த வாத்தியத்தைக் கற்றவர் அவர். பாரிஸ் கன்சர்வேட்டரியில் 1833-ல் மேஃப்ரெட் வால்வு ஹார்னுக்கு வகுப்பு தொடங்கியபோதும், பக்கத்திலேயே கை ஹார்ன் வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. எல்லாரும் இயற்கை ஹார்ன் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வால்வு ஹார்னில் வால்வைத் தொடாமல் இருந்தாலே அது இயற்கை ஹார்ன்தான், செலவும் இல்லை. இடக்கையால் வால்வை இயக்குகிறோமே, அதுகூட வலக்கை முன்பே உள்ளே வேலையாக இருந்ததன் மிச்சம்.

அந்த வலக்கையைப் பற்றியும் ஒரு சொல். பல குழுக்களில் பிள்ளைகள் வலக்கையால் வாத்தியத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதுவதைப் பார்க்கிறேன். "கையை நுழைப்பது பெரியவர்களுக்கான பாடம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹார்ன், கை உள்ளே இருக்கும் என்ற கணக்கில் செய்யப்படும் வாத்தியம். கையை எடுத்தால் சுருதி ஏறும், ஒலி முரடாகும். முதல் நாளிலிருந்தே விரல்களைச் சேர்த்து, புறங்கை குழாயின் வெளிப்பக்கச் சுவரில் பொருந்தும்படி வைக்கப் பழக்குங்கள். அதிகமாக மூடிவிட்டால் போர்வைக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கும். அதையும் பிள்ளையின் காதே திருத்தட்டும்.

அடுத்து, யாருக்கு ஹார்னைக் கொடுப்பது என்ற கேள்வி. இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. டிரம்பெட்டுக்கு ஆள் மிகுந்துவிட்டது, அங்கே மேல் சுரம் வராத பிள்ளை ஒன்று இருக்கிறது, அதை ஹார்னுக்குத் தள்ளு: இந்த ஏற்பாடு எத்தனை குழுக்களில் நடக்கிறது என்று உங்கள் மனசாட்சிக்குத் தெரியும். ஹார்னின் மவுத்பீஸ் ஆழமான புனல், விளிம்பு மெல்லியது. மேலுதட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும் கீழுதட்டில் ஒரு பங்கும் அமரும்படி வைப்பது பொதுவழக்கம். சிகாகோவில் முதல் ஹார்னாக இருந்த ஃபிலிப் ஃபார்கஸ் போன்றோர் வற்புறுத்தியது அது. டிரம்பெட்டில் இந்தப் பங்கீடு பெரும்பாலும் வேறாக இருக்கும். டிரம்பெட்டிலிருந்து வந்து நல்ல ஹார்ன் கலைஞரானவர்கள் உண்டு. அவர்கள் அதைப் புது வாத்தியமாக எடுத்து முதலிலிருந்து தொடங்கியவர்கள். அங்கே தோற்ற பிள்ளையை, அதைவிடக் குறி நெருக்கமான இடத்துக்கு அனுப்பிவிட்டு அதிசயம் நிகழும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உதடு தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று பார்த்து வாத்தியம் ஒதுக்குவதையும் விட்டுவிடுங்கள். தடித்த உதட்டோடு மெல்லிய விளிம்பில் அருமையாக வாசிப்பவர்கள் உண்டு, நேர்மாறானவர்களும் உண்டு. பல்வரிசையில் பெரிய கோணல் இருந்தாலோ, கம்பி கட்டியிருந்தாலோ அதைக் கவனிக்க வேண்டியதுதான். மற்றபடி ஒரே சோதனை போதும். இரண்டு சுரங்களை ஊதிக் காட்டுங்கள்; திருப்பிப் பாடச் சொல்லுங்கள். பாடிவிட்டால் ஹார்னைக் கொடுங்கள். பாடவில்லையென்றால் சில வாரம் பாடப் பழக்கிவிட்டுக் கொடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. டெனிஸ் பிரெய்னின் தந்தை ஆப்ரி பிரெய்ன் லண்டனின் முன்னணி ஹார்ன் கலைஞர். பற்களும் உதட்டு அமைப்பும் முதிரும்வரை, அதாவது பதின்வயதின் பிற்பகுதிவரை, ஹார்னை முறையாகத் தொடக் கூடாது என்ற கொள்கைக்காரர். மகனுக்கும் அதே சட்டம்தான். அவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சிறுவயதிலேயே தொடங்காவிட்டால் காலம் கடந்துவிடும் என்று பதறும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம்.

மற்ற வாத்தியங்களுக்கும் இந்தப் பொதுவகுப்பு முழு நன்மை செய்துவிடவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராம்போன் பிள்ளைக்கு ஆறாம், ஏழாம் நிலைகளுக்குக் கை எட்டாது. எட்டாத நிலைகளைத் தவிர்த்து எழுதப்பட்ட பாடம் வேண்டும். ஸ்லைடில் கோடு போட்டிருப்பதில்லை என்பதால் அங்கும் காதுதான் துணை. ஆகவே பாடும் பயிற்சியில் டிராம்போன் பிள்ளைகளை ஹார்னோடு தாராளமாகச் சேர்க்கலாம். டியூபாவில் சின்ன உடம்புக்குக் காற்று போதாமல் தலை சுற்றும், டியூபாவின் சிறிய உறவான யூஃபோனியத்தில் தொடங்கவிடுங்கள். டிரம்பெட் பிள்ளைகளுக்கு நோய் வேறு: யார் மிக உயரே போகிறார்கள் என்ற பந்தயம். அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

ஹார்ன் பகுதிகளில் எழுதப்படுவதைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அணிவகுப்பு இசையில் டியூபா தாளத்தின் மேல் ஒரு அடி வைக்கும். ஹார்ன் அதன் பின்னால் தாளத்துக்கு இடையில் ஒரு அடி வைக்கும். பக்கம் பக்கமாக அதே. மெட்டு கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும். ஓர் ஆண்டு முழுவதும் ஓய்வுக்குறி, சுரம், ஓய்வுக்குறி, சுரம் என்று வாசித்த பிள்ளைக்கு ஒரு வாக்கியத்தை மூச்சு பிடித்துக் கொண்டுபோவது எப்படித் தெரியும்? உங்கள் நிகழ்ச்சியில் ஒரே ஒரு துண்டாவது ஹார்ன்கள் மெட்டைச் சுமப்பதாக இருக்கட்டும். மெட்டு இருந்தால் பாடவும் செய்வார்கள்.

ஒத்திகையில் அவர்களை எங்கே உட்காரவைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். ஹார்னின் வாய் வலப்பக்கமாகப் பின்னோக்கி இருப்பது. ஒலி பின்சுவரில் மோதித் திரும்பித்தான் கேட்பவர்களுக்கு வருகிறது. பின்னால் கனத்த திரை தொங்கினால் ஒலியை அது விழுங்கிவிடும். நீங்கள் முன்னாலிருந்து "இன்னும் பலமாக" என்று கை காட்டுவீர்கள். பிள்ளை மறுபடி மவுத்பீஸை அமுக்கும். முரசுக்கு நேர் முன்னால் உட்காரவைப்பதும் வேண்டாம். தன் சுரம் தனக்கே கேட்காத இடத்தில் காதைப் பழக்க முடியாது.

ஓய்வு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாசித்த அளவுக்கு ஓய்வு என்பது தொடக்கக்காரருக்கு நல்ல அளவுகோல். இரண்டு மணி நேர ஒத்திகை முடித்து வீங்கிய உதட்டோடு வீட்டுக்குப் போகும் பிள்ளையிடம் அன்றைக்கே பயிற்சி செய்யவில்லையா என்று கேட்பது கொடுமை. நாளுக்கு ஒருமுறை நீளமாக வாசிப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை வாசிப்பது பலன் தரும். உதடு களைத்த பிறகும் பாடலாம், இசைக் குறிப்பைப் பார்த்து மனத்துக்குள் கேட்கலாம், அதுவும் பயிற்சிதான்.

தேர்வு வைப்பவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஹார்னில் சுரம் உடைவது உலகின் தலைசிறந்த இசைக்குழுக்களிலும் நடக்கிறது. ஏன் என்பதை மேலே எழுதிய படிக்கணக்கு சொல்லும். உடைந்த ஒவ்வொரு சுரத்துக்கும் மதிப்பெண்ணைக் கழித்தால் பிள்ளைகள் பயந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். காற்றைப் பாதி மட்டும் விட்டு, நாக்கை மெல்லத் தட்டி, சுரத்தின் ஓரத்தில் நின்று எட்டிப்பார்க்கிறார்கள். அப்படி வாசித்தால் இன்னும் உடையும். ஒரு வாக்கியம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதா, மூச்சு அதன் முடிவுவரை போகிறதா என்று கேளுங்கள். உடைந்தும் நிற்காமல் போன பிள்ளைக்கு, உடையாமல் தயங்கித் தயங்கிப் போன பிள்ளையைவிட அதிகம் கொடுங்கள். தொடக்க நிலைகளில் பாடிக் காட்டும் ஒரு பகுதியைக் கட்டாயமாக்குங்கள். பெயருக்கு வைக்கப்படும் செவிப்பயிற்சி வினாவைச் சொல்லவில்லை. வாசிக்கப்போகும் துண்டின் முதல் வரியையே வாத்தியம் இல்லாமல் பாடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தேர்வில் கேட்டால் ஆசிரியர்கள் கற்பிப்பார்கள்.

இவ்வளவுக்கும் ஆளில்லை, அறையில்லை, ஹார்ன் தெரிந்த ஆசிரியர் குழுவிலேயே இல்லை என்பீர்கள். பெரும்பாலான குழுக்களின் நிலை அதுதான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு ஆண்டு வாசித்த ஹார்ன் மாணவர் ஒருவரிடம் தொடக்கப் பிள்ளைகள் இருவரையோ மூவரையோ ஒப்படையுங்கள். வாரத்தில் ஒரு ஒத்திகையின் முதல் இருபது நிமிடம், எல்லாரும் பொதுப்பாடம் ஊதிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தாழ்வாரத்திலோ படிக்கட்டடியிலோ உட்கார்ந்துகொள்ளட்டும். மூத்தவர் ஊத வேண்டும், இளையவர்கள் பாட வேண்டும், பிறகு வால்வில்லாமல் ஊத வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மூத்த மாணவருக்கு இதில் நட்டமில்லை. சொல்லிக்கொடுக்கப்போனால் தானும் பாட வேண்டியிருக்கும், பெரும்பாலும் அவருக்கும் அது புதிதாகவே இருக்கும். மாத முடிவில் நீங்கள் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாத்தியத்தை மடியில் வைத்தபடி, நடு சியையும் அதற்கு மேல் உள்ள ஜியையும் பாடிக் காட்டுகிறார்களா? பாடினால் பொதுவகுப்புக்குத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம். பாடாதவர்கள் இன்னொரு மாதம் தாழ்வாரத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹார்ன் கற்பிக்கும் ஒருவன்